டேப்பின் மறுமுனை

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அலுவலகத்தில் வாதாடியே தொண்டை போய்விட்டது.

நகராட்சியில் நான் வரைபடப் பிரிவு. பழைய கட்டடங்களையும் ஏரியையும் எப்படிக் காப்பாற்றலாம் என்று யோசனை சொல்ல ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதற்கு நான்தான் செயலாளர். கூடுதல் பொறுப்பு, கூடுதல் சம்பளம் கிடையாது. குழு சொல்லும் யோசனை மேலே போனால் கிணற்றில் போட்ட கல். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று மாதம் ஒருமுறை கூடுவோம், பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம்.

அந்த மாதமும் பழைய விஷயம்தான், ஏரிக்கரை நடைபாதை. அதற்காகப் பழைய தொற்றுநோய் ஆஸ்பத்திரியின் பின்புறம் பள்ளம் தோண்ட வேண்டும். அங்கே பாதுகாக்க எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலை இயந்திரம் இறங்கிவிடும். போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஏரியாவது, கரையாவது என்ற நிலையில் இருந்தேன்.

கோப்புக்குக் கட்டடத்தின் அளவு வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு உதவியாளரோடு போனேன். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'சரிங்க'. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். கூரை பெயர்ந்து தலையில் விழுந்தாலும் அதைத்தான் சொல்வார்.

வார்டு நீளமான ஒரே கூடம். சன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் பலகை பெயர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் அளவு டேப்பின் பெட்டியோடு நான் நின்றேன். 'சரிங்க' நுனியை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு தடுப்பு. அதற்குப் பின்னால் போனதும் ஆள் தெரியவில்லை.

"பிடிச்சாச்சா?"

மணி 4.20.

"பிடிச்சாச்சான்னு கேட்டேன்!"

"பிடிச்சிருக்கேன்."

சரிங்க என்று வரவில்லையே என ஒரு நொடி தோன்றியது. களைப்பில் விட்டுவிட்டேன். டேப் விறைத்தது. பதினெட்டு மீட்டர். எழுதிக்கொண்டேன்.

"போதும், விடுங்க. சுருட்டணும்."

விடவில்லை. கைப்பிடியைத் திருகினேன். அசையவில்லை.

அப்புறம்... டேப் அந்தப் பக்கமாக ஓடத் தொடங்கியது.

சர்ர்ர்...

இருபது. இருபத்திரண்டு. கூடம் பதினெட்டோடு முடிகிறது. அதற்கு மேல் சுவர்.

"எங்க போறீங்க?"

சர்ர்ர்... இருபத்தாறு.

நின்றது.

பிறகு மெல்ல ஓர் இழுப்பு. தூக்கக் கலக்கத்தில் பிள்ளை நம் விரலைப் பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி.

"விட்றாதம்மா..."

அவர் என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. எரிச்சலோடு திரும்பினேன். பெயர்ந்த பலகை வழியாகத் தெரு தெரிந்தது.

தெருவில் 'சரிங்க' நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன். இன்னொரு கை சட்டைப்பையில்.

டேப் மறுபடி இழுத்தது.



போட்டேன்.

ஓடினேன்.

"நுனியை ஆணியில மாட்டிட்டு பக்கவாசல் வழியா வந்தேங்க. வீட்ல இருந்து போன்..." என்றார் அவர்.

ஆறு மணிக்குக் கூட்டம். தலைவர் பேனாவை நீட்டினார்.

"ஒரு நாள் தள்ளிப் போடுங்க சார்."

"பதினோராவது கூட்டம்மா இது. இன்னும் எத்தனை நாள்?"

"அளவு தப்பா வருது சார்." உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கே லீவு கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

குழுவில் ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவர் உண்டு. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள்ல ஏரி ஒண்ணும் வத்திடாது. காலையில எல்லாருமா போய்ப் பாப்போம்" என்றார். தலைவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினார்.

வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இரவு முழுவதும் அவள் கையைப் பிடித்தபடியே படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் போனோம். டேப்பின் பெட்டி நான் போட்ட இடத்திலேயே கிடந்தது. டேப்பைத் தொடர்ந்து நடந்தோம். தடுப்பைத் தாண்டி, சுவரடியில் ஒரு சின்னத் துளை வழியாக அது வெளியே போயிருந்தது. புல் மேல் நேராக ஏழு மீட்டர். அங்கே தரைக்குள் இறங்கியிருந்தது.

மண்ணில் ஒரு கீறல் இல்லை. புல் கலையவில்லை. பள்ளம் தோண்டப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு அதன் மேலேயே போனது.

'சரிங்க' தோண்டினார். மூன்றடி ஆழத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

டேப்பின் நுனியை விரலெலும்புகள் பிடித்திருந்தன.

சின்ன விரல்கள்.

அவற்றுக்குள் மக்கிய கயிறு ஒன்றும் இருந்தது.

டாக்டரம்மாதான் சொன்னார். "உள்ள யாரையும் விடமாட்டாங்களாம். அந்தத் துளை வழியா ஒரு கயிறு. உள்ள நோயாளி ஒரு முனை, வெளியே அவங்க ஆள் ஒரு முனை. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பழைய நர்சுங்க சொல்வாங்க. இழுப்பு நின்னா, ஆள் போயாச்சு. விரலைப் பிரிக்கப் பயந்துக்கிட்டு, கயிறை வெட்டி அப்படியே புதைச்சிடுவாங்க."

"குழந்தைன்னா?"

"அம்மாக்காரி ராவும் பகலும் வெளியே உக்காந்திருப்பா. அவளா விடமாட்டா. நாலு பேர் இழுத்துட்டுப் போனாத்தான் உண்டு."

போலீஸ் வந்தது. எலும்பு ரொம்பப் பழசு என்று எழுதிக்கொண்டு போனது. நடைபாதையை மறுபக்கம் மாற்றச் சொன்னது குழு. முதல்முறையாக ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. முதல்முறையாக மேலேயும் எங்கள் பேச்சைக் கேட்டார்கள்.

திரும்ப மூடும்போது டேப்பை வெட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். வெட்ட வேண்டாம் என்றேன். பெட்டியோடு குழிக்குள் வைத்து மூடினோம். டேப் எங்கே என்று ஸ்டோர்காரர் இன்றைக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன்.

மூடிய மண் மூடியபடியே இருந்தது.

பெட்டி மட்டும் வெளியே இருந்தது. துளைக்குப் பக்கத்தில். அம்மாக்கள் உட்கார்ந்திருந்த இடத்தில்.

எடுத்தேன். டேப் விறைப்பாக இருந்தது.

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. உடம்பெல்லாம் அசதி. ஆனாலும்... பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.