உப்புத் தோலுக்குள் ஒரு மைக்

போன வாரம் அக்கா மகள் ஷாலினி வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை, லீவு நாளில் கிட்டார். லேப்டாப்பைத் திறந்து ஒன்றைக் காட்டினாள். திரையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் படம், அதற்கு முன்னால் ஒரு மைக்கின் படம். விரலால் மைக்கை நகர்த்தினால் கிட்டார் சத்தம் மாறுகிறது. நடுவுக்குப் போனால் கீச்சென்கிறது, ஓரத்துக்கு வந்தால் மந்தமாகிறது. நிஜத்தில் பெட்டியும் கிடையாது, மைக்கும் கிடையாது, எல்லாம் உள்ளே போடுகிற கணக்கு என்றாள். அவள் மைக்கைப் பெட்டியின் விளிம்பு வரைக்கும் இழுத்தபோது என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "பாத்தும்மா, கீழ உழுந்துடப் போவுது."

"மாமா, அது படம்."

படம்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் மைக் விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டவன். அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்ன பிறகும் அப்படித்தான் தெரியும்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். கணக்கு வரவில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வது. உண்மை என்னவென்றால், பரீட்சையில் பேனா எழுதாமல் போய்விடுமோ என்று பயந்து நாலு பேனா கொண்டுபோனேன். வழியில் நாலும் சட்டைப் பையில் கசிந்துவிட்டன. அந்தச் சட்டையோடு எப்படி உள்ளே போவது என்று கேட்டிலேயே நின்றேன். மணி அடித்தது. திரும்பி வந்துவிட்டேன், அப்புறம் போகவேயில்லை. இப்படிப்பட்டவனுக்கு ரெக்கார்டிங் வேலை நன்றாகப் பொருந்தும். எங்கே உறுமல் கேட்கிறது, எந்த ஒயர் லூஸ், தெருவில் நாய் குரைத்தது பாட்டில் விழுந்ததா என்று நாள் முழுக்கக் கவலைப்படுவதற்கே அங்கே சம்பளம் கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. வேலூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். அது சத்தத்தைத் தடுத்ததாக நினைவில்லை, பல்லிகள் மட்டும் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறின. காலையில் மாதா பாட்டு, மத்தியானம் முருகன் பாட்டு. இரண்டுக்கும் ஒரே தபேலாக்காரர். "யாருக்கு வாசிக்கிறேன்னு முன்னாடியே சொல்லிடுப்பா, அதுக்கேத்த மாதிரி தலையாட்டணும்" என்பார்.

அங்கேதான் ஜோயல் வந்தான். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சாயம் கலக்கும் வேலை. போன வாரம் என்ன நிறத்துக்கு ஷூ ஆர்டர் வந்தது என்பதை அவன் விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். தோளில் கிட்டார்.

"அண்ணே, எனக்கு இனிமையா எதுவும் வாணாம். எங்க கம்பெனில தோலச் சீவுற ஷேவிங் மிஷினுக்குள்ள தோலு போவும்போது ஒரு சத்தம் வருமே, அது வேணும்."

கிட்டார் ஒயரை, சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஒரு பெடல் வழியாக நேராக எங்கள் ரெக்கார்டிங் மெஷினில் செருகினோம். தீப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட தேனீ மாதிரி கேட்டது. அந்தக் கரகரப்பு பெரிய ஸ்பீக்கர் வழியாக வெளியே வர வேண்டும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்புதான் கீச்சை வடிகட்டும், மரப்பெட்டிதான் அடித்தொண்டை கொடுக்கும். அதற்கு முன்னால் மைக்கை வைத்துப் பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிறவரிடம் நாலு ஸ்பீக்கர் உள்ள பெட்டி ஒன்றை இரவல் வாங்கி மாடிக்கு ஏற்றினோம். ஜோயல் ஒரே ஒரு தடவை கம்பியை இழுத்தான். கீழேயிருந்து பல் டாக்டர் குறடோடு ஏறி வந்தார்.

"கீழ ஒருத்தரு வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தாரு. இப்ப ஆளையே காணோம்," என்றார். கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இடம் ஜோயல் கண்டுபிடித்தான். அவன் கம்பெனியின் பச்சைத் தோல், அதாவது இன்னும் பதனிடாத தோல், வைக்கும் குடோன். உப்புப் போட்ட மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். உள்ளே நின்று கத்தினால் வாயை விட்டு வெளியே வந்த சத்தம் அங்கேயே செத்துப்போகும். வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு, மிஷின் ஓடாது. எல்லாம் கூடி வந்தது, மைக்கைத் தவிர. எங்கள் ஸ்டூடியோ மைக் அவ்வளவு சத்தத்துக்கு முன்னால் நிற்காது. நிற்கக்கூடிய ஒரே மைக் நான் போகும் சர்ச்சில் பிரசங்க மேடையில் இருந்தது, தலையில் கறுப்புப் பஞ்சு உறையோடு.

சர்ச்சைப் பெருக்கி, மணியடித்து, பூட்டுகிறவர் தேவராஜ் அண்ணன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரே அறையில் மனைவி, இரண்டு பெண்களோடு இருந்தார். வேலை போனால் அறையும் போகும். இரண்டு நாள் கெஞ்சியதில் மனமிரங்கிக் கழற்றிக் கொடுத்தார்.

"தம்பி, சனிக்கெழம சாயந்தரம் இது மேடைல இருக்கணும். போதகரையாவுக்குத் தெரிஞ்சா என் ஊட்டு சாமானு ரோட்ல இருக்கும்."

ஆம்பூர் பஸ்ஸில் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ரோட்டில் கிடக்கும் அந்தச் சாமான்கள்தான். ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் இரண்டு பெண்கள்.

ஜும்மா தொழுகை முடியும் வரை காத்திருந்து ஆரம்பித்தோம். குடோன் தரை உப்புத் தண்ணீரில் வழுக்கியது. மைக் ஸ்டாண்டின் ஒரு கால் ஆடியது. விழுந்தால்? மடித்த தோல் நாலை எடுத்து ஸ்டாண்டைச் சுற்றி முட்டுக்கொடுத்தேன். மேலே கனம் போதுமா என்று இன்னொரு சந்தேகம். ஒரு ஆட்டுத் தோலை எடுத்து மைக்கின் கழுத்தில் சுற்றி இறுக்கினேன். மனசு கேட்கவில்லை, இன்னொன்றும் சுற்றினேன்.

"சளி புடிக்காம பாத்துக்கறீங்களா அண்ணே?" என்றான் ஜோயல்.

மைக்கை அரை விரல் இந்தப் பக்கம், கால் விரல் அந்தப் பக்கம் என்று ஆறு மணி நேரம் நகர்த்தினோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு இடத்தில் சத்தம் வந்து உட்கார்ந்தது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். வாட்ச்மேன் பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பாட்டுன்னு சொல்லிட்டு இன்னாடா மிஷினப் பிரிச்சி ஓட்டுறீங்க?"

ஜோயல் கண்ணில் தண்ணீர். அவன் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய பாராட்டு அது.

சொன்னபடி சனிக்கிழமை மைக்கைக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் தோல் நாற்றம் ஒட்டியிருக்கிறதா என்று மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் ஆறு மணி நேரம் அந்தக் குடோனில் இருந்தவன் மூக்குக்கு என்ன தெரியும்? தேவராஜ் அண்ணனுக்கோ வருஷக்கணக்கில் மூக்கடைப்பு.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மேடை ஏறி மைக்கிடம் வாயைக் கொண்டுபோனார். "பிரியமானவர்களே" என்றார். நிறுத்தினார். ஓர் அடி பின்னால் போனார். தூரத்திலிருந்து பேசினால் கேட்கவில்லை, கிட்டே வந்தால் முகம் கோணியது. முக்கால் மணி நேரப் பிரசங்கம் ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது. சபையில் பல பேருக்கு அன்றைக்குத்தான் ஆவியானவர் இறங்கியதாகப் பட்டது.

மேடைக்கு அடியில் எலி செத்திருக்கிறது என்று கமிட்டியில் முடிவானது. தேடிப் பிடிக்க வேண்டியது தேவராஜ் அண்ணன். இல்லாத எலியை மனிதர் நாலு நாள் பலகை பலகையாகக் கழற்றித் தேடினார்.

"கெடைக்கலன்னா நான் சரியா தேடலம்பாங்க. இன்னா பண்றது நீயே சொல்லு," என்றார் வியாழக்கிழமை. பின்னால் அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே நானும் ஜோயலும் எலி தேடிப் புறப்பட்டோம். செத்த எலி வேண்டாதபோது எங்கும் கிடக்கும். இரண்டு நாள் அலைந்து அரிசி மண்டியில் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். "எதுக்கு?" என்றார் மண்டிக்காரர். "சர்ச்சுக்கு," என்றான் ஜோயல். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சனிக்கிழமை கமிட்டிக்காரர் இரண்டு பேர் முன்னிலையில் தேவராஜ் அண்ணன் அந்த எலியைக் கண்டெடுத்தார். அடுத்த நாள் போதகர் நிம்மதியாக மேடை ஏறினார். மைக்கைத் தொட்டார். அந்த நாற்றம் அங்கேயே இருந்தது.

இந்த முறை அவர் பின்வாங்கவில்லை. குனிந்து பஞ்சு உறையை மெதுவாக மோந்தார். ஆராதனை முடிந்து தேவராஜ் அண்ணனை உள்ளறைக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"தேவராஜு, நீ புடிச்ச எலி உப்புப் போட்டு வெச்ச எலியா?"

தேவராஜ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பா பேரணாம்பட்டுல தோல் மண்டில லோடு எறக்கனவரு. பச்சைத் தோல் வாசன எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று நான் ஒப்பித்தேன், முட்டுக்கொடுத்த தோலின் எண்ணிக்கை உட்பட. பாட்டைப் போடச் சொன்னார். கையில் எப்போதும் வைத்திருந்த, அதே நாற்றம் அடித்த கேசட்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது எங்க முடியுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றார். நின்றதும் தெரியும் என்றேன்.

கேசட்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எங்கப்பா பக்கத்துல சர்ச்சுல யாரும் உக்கார மாட்டாங்க. வாசன. நானே ரெண்டு பெஞ்சு தள்ளிதான் உக்காருவேன்," என்றார். அப்புறம் தேவராஜ் அண்ணனிடம், "போயி சாமானெல்லாம் அவுத்து வெக்கச் சொல்லு. அந்தப் பஞ்ச மட்டும் தொவைக்காத. அதுவா போவட்டும்."

அந்த நாற்றம் போக மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் போதகர் உறையில் மூக்கு படும்படி நின்று முக்கால் மணி நேரமும் பிரசங்கம் செய்தார். சபை எனக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை, தெரிந்திருந்தால் கொடுத்திருக்கும்.

சில வருஷம் கழித்து ஜோயல் சென்னையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். இட்லித் தட்டு அகலம்கூட இல்லை. குமிழைத் திருகினால் இந்த ஸ்பீக்கர் பெட்டி, அந்த ஸ்பீக்கர் பெட்டி, பெரிய அறை, சின்ன அறை, எல்லாச் சத்தமும் உள்ளேயே வருகிறது. பக்கத்தில் மனைவி வைத்த குக்கரை அணைக்கச் சொல்லாமலேயே அதே பாட்டை அரை மணியில் திரும்பப் பதிந்துவிட்டான். ஒயர் நேராகப் போவதால் விசில் விழவில்லை. உண்மையைச் சொன்னால் புதுசுதான் நன்றாக இருந்தது. யாரையும் கெஞ்ச வேண்டாம், யார் வேலைக்கும் ஆபத்து இல்லை. அதற்குள் பச்சைத் தோல் குடோன் கார்கள் நிறுத்துகிற இடமாகிவிட்டது. எங்கள் ஸ்டூடியோ அறையையும் பல் டாக்டரே எடுத்துக்கொண்டார். தேவராஜ் அண்ணன் பென்ஷன் வாங்கி மகளோடு போய்விட்டார். சர்ச்சில் சட்டையில் குத்துகிற பொட்டு அளவு மைக் வந்துவிட்டது.

ஜோயலுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. குடோனில் எடுத்ததா, பெட்டியில் எடுத்ததா, எது உசத்தி? எங்களுக்குத் தெரிந்த ஒரே நடுநிலையாளர் போதகர்தான். அவர் மாற்றலாகி சோளிங்கர் பக்கம் இருந்தார். பஸ் பிடித்துப் போனோம். பழைய கேசட்டையும் புது சிடியையும் மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னான் ஜோயல்.

அவர் பிளேயர் பக்கம் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கேசட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மூச்சை நீளமாக இழுத்தார். அதை வைத்துவிட்டு சிடியை எடுத்து அதையும் மோந்து பார்த்தார்.

"இப்ப ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா," என்றார்.