பொங்கல்படிப் பானையும் மூன்று குராமிகளும்

மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டுக் கூடத்தில், சமையலறை வாசலுக்கு நேரெதிரே ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதற்குள் மணலில் பாதி புதைந்து, வாயைப் பிளந்தபடி ஓர் அரைப் பானை கிடக்கிறது. வருகிறவர்கள் யாரும், "என்னங்க, உடைஞ்ச பானைய உள்ள போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. தலைப்பொங்கலுக்கு என் அப்பா கொண்டுவந்த சீர்ப் பானை அது என்று சொல்வேன். உடனே அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். மருமகள் வீட்டுச் சீரை உடைத்து மீனுக்குப் போட்ட மகராசி என்று என் மாமியாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். பாவம், அத்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பானையை உடைத்தது என் சித்தப்பா. மீனுக்குப் போட்டது என் மாமனார்.

அப்போது நாங்கள் அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாமா அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன். காலையில் ஸ்டாஃப் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவார். வேலை விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. மாமா அந்த விதியைக் கேன்டீன் சாம்பார் வரைக்கும் நீட்டித்து வைத்திருந்தார். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று அத்தை கேட்டால், "சாப்பாடு" என்பார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, இந்த மீன் தொட்டி. தொட்டியில் மூன்று குராமி மீன்கள் இருப்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. யாருமே சரியாகப் பார்த்ததில்லை. மூன்றும் ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, இரை போட்டால்கூட ஆள் நகர்ந்த பிறகுதான் வரும். விருந்தாளிகளிடம் அத்தை, "உள்ள மூணு இருக்கு" என்பார். அவர்களும் இருட்டுக் கர்ப்பகிருகத்துக்கு முன்னால் நிற்பதுபோலக் கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆமா" என்று திரும்பிவிடுவார்கள். மாமா மட்டும் ஒரு நோட்டில் தினமும் தேதி போட்டு, நேரம் போட்டு, எதிரே "தெரியவில்லை" என்று எழுதி வைப்பார். அந்த நோட்டு முழுக்க அந்த ஒரு சொல்தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் வாழ வந்தேன். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். மேலே நாங்கள் குடியிருந்தோம். கீழே தோல் பை தைக்கும் கார்கானா. காலையிலிருந்து இரவு வரை ஆறு மிஷின் ஓடும். உப்பு டப்பாவை எடு என்று சொல்லக்கூட எங்கள் வீட்டில் கூவித்தான் ஆகவேண்டும். அந்தக் குரலை அப்படியே சீதனத்தோடு கொண்டுவந்துவிட்டேன். வந்த முதல் வாரம் சமையலறையிலிருந்து நான் என் கணவரைக் கூப்பிட்டபோது, எதிர் பிளாட்டிலிருந்து ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அத்தை ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார். "அதுங்க முன்னாடியாவது அப்பப்ப தலையக் காட்டும். இப்போ இவ போடுற சத்தத்துல சுத்தமா வர்றதே இல்ல." மீனைச் சொல்கிற மாதிரி என்னைச் சொன்னார். நான் அம்மாவிடம் போனில் அழுதேன். "வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு நாந்தான் சொல்லி வளத்தேன், அது தப்பா போச்சே" என்று அம்மாவும் அழுதாள். அந்த வீட்டில் என் குரலுக்கு இடம் உண்டா, இல்லை ஆயுசு முழுக்கக் குசுகுசுவென்று பேசியே காலம் தள்ள வேண்டுமா என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை.

தலைப்பொங்கல் வந்தது. பிறந்த வீட்டிலிருந்து பானை, கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி, வெல்லம் எல்லாம் வர வேண்டும், பொங்கல்படி என்போம். எங்கள் தெருவுக்கு அடுத்ததுதான் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா. அப்பா அங்கே நின்று, தட்டித் தட்டிப் பார்த்து ஒரு மண்பானை வாங்கி, சித்தப்பா மடியில் வைத்து, இருவரும் ஆட்டோவில் வந்தார்கள். வந்து இறங்கியபோது சித்தப்பாவின் வலது கையில் அரைப் பானை, இடது கையில் அரைப் பானை. "நான் என்ன செய்ய மக்கா, ஸ்பீடு பிரேக்கர்ல ஆட்டோக்காரன் தூக்கிப் போட்டுட்டான். கரும்பு போயி பானைய இடிச்சிட்டு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இடம், பொருள், ஏவல் எல்லாம் மறந்துவிட்டது. "கரும்ப வெளிய நீட்டிப் பிடிக்கத் தெரியாதா ஒங்களுக்கு? ஒரு பானைய முழுசாக் கொண்டாரத் துப்பில்ல, இதுல சீரு ஒரு கேடா!" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். மூன்று மாடியிலும் கதவு திறந்தது. அத்தை, "தலைப்பொங்கலும் அதுவுமா" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலே உள்ளே போய்விட்டார். முடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றே முடிவு செய்தேன், இனி இந்த வீட்டில் பேசுவதில்லை என்று. எனக்கும் ரோஷம் உண்டல்லவா? கேட்டதற்குத் தலையசைத்தேன். பாத்திரத்தைக்கூடப் பூ வைக்கிற மாதிரி வைத்தேன். முதல் நாள் என் கணவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். இரண்டாம் நாள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் எதிர் பிளாட்டுக்காரர் வந்து, பெண் ஊருக்குப் போய்விட்டாளா என்று விசாரித்துவிட்டுப் போனார். நான்காம் நாள் சாயங்காலம் மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் அந்த நோட்டு. மருமகளாக வந்து நாலு மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசியது அன்றுதான்.

"நாலு நாளா நீ பேசல. மீனும் வரல. நாலு நாளும் எழுதி வச்சிருக்கேன். அப்போ காரணம் நீ இல்ல."

அவ்வளவுதான். அத்தை காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார். கோர்ட்டில் நிரபராதி என்று விட்டவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டேன். மாமாவுக்கு அழுகையெல்லாம் பழக்கமில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே, "அந்தப் பானை இருக்கா?" என்று கேட்டார்.

அரைப் பானையின் விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்கினார். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தார். மறுநாள் லீவு போட்டார்; அத்தைக்கு நினைவு தெரிந்து உடம்பு சரியில்லாத நாள் தவிர அவர் போட்ட முதல் லீவு அது. தொட்டியைக் காலி செய்து, என் கணவரும் எதிர் பிளாட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து சமையலறைக்கு எதிரே வைத்தார். பின்பக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினார். அரைப் பானையைக் குகை மாதிரி கவிழ்த்து, வாய் முன்பக்கம் தெரிய மணலில் அமுக்கினார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ரூம்லயே ஒளியுற மீனை நடுக் கூடத்துல வச்சா செத்தே போயிரும்." மாமா மணலைத் தடவிக்கொண்டே சொன்னார், "எப்பவாச்சும் ஒரு ஆளு வந்தாத்தான் பயம். நாள் பூரா ஆள் நடமாட்டம் இருந்தா பழகிரும். ஓடி ஒளிய ஒரு எடம் இருக்குன்னு தெரிஞ்சா வெளிய வரும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ பேசு" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை வாயை மூடு என்றவர்கள் ஏராளம். பேசு என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "என்ன பேசணும் மாமா?" என்றேன். "எப்பவும் பேசுறது" என்றார். வேறு வழி தெரியாமல் தாராவிக்குப் போன் போட்டு, சித்தப்பாவைக் கூப்பிடச் சொல்லி, பானைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்றும் முதலில் பானைக்குள்தான் போய்ப் பதுங்கின. ஒன்பதாம் நாள், மாமாவுக்கு விடுமுறை, நான் சிலிண்டர்காரரோடு வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "வந்துட்டு! வந்துட்டு!" என்று ஒரு சத்தம். யாரோ என்று திரும்பினேன். மாமா. அந்த வீட்டில் மாமா கத்தி யாரும் கேட்டதில்லை. நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு குராமி, தொட்டியின் முன்பக்கத்தில் உலா வந்துகொண்டிருந்தது. சிலிண்டர்காரரும் உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். மாமா நோட்டில் எழுதியதை அப்புறம் பார்த்தேன்: "11.20. ஒன்று. மருமகள் சண்டையில் இருந்தாள். பயப்படவில்லை."

மீன் வெளியே வந்ததோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். மீனைப் பார்ப்பதற்கென்று மாமா தன் நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு சாப்பாடுகூட அங்கேதான். கண் தொட்டியில் இருக்கும். காது சமையலறையில் இருக்கும். ஒருநாள் சித்தப்பாவின் வாடகைத் தகராறைக் கேட்டு முடித்து நான் போனை வைத்ததும், "உங்க சித்தப்பா அந்த வீட்டுக்காரன்கிட்ட கடைசில என்ன சொன்னாரு?" என்று கேட்டார். கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கே வந்து முழுசாகச் சொன்னேன். அதன் பிறகு கேன்டீன் சாம்பாரைப் பற்றியும் மெல்ல மெல்லத் தகவல் கசியத் தொடங்கியது. உப்பு ஜாஸ்தியாம், இருபது வருஷமாக. அத்தை ஆச்சரியப்பட்டதை மறைக்கவே இல்லை. "எங்கிட்ட ஒரு நாள் சொன்னதில்லையே இந்த மனுஷன்" என்பார். ஆனாலும் என் சத்தத்தைப் பற்றி அவர் கொடுத்த தீர்ப்பை ஒருநாளும் வாபஸ் வாங்கவில்லை.

மாமா ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து செம்பூருக்கு வந்தோம். தொட்டியும் பானையும் கூடவே வந்தன. பழைய குராமிகள் போய், இப்போது இருப்பவை வேறு மூன்று. மாமா போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவர் நாற்காலி சுவரோரம் நகர்ந்துவிட்டது. அத்தை தன் அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. எனக்கும் பேச்சு எங்கேயோ போய்விட்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை, தானாகவே நின்றுவிட்டது. பேசினால் கேட்க அந்த நாற்காலியில் ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அத்தை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். மூன்றும் பானைக்குள் பதுங்கி, மூக்கு மட்டும் தெரிந்தது.

"ஏட்டி, என்ன வீட்ல ஒரு சத்தத்தையும் காணோம்? மீனு பூரா உள்ள போயி உக்காந்துட்டு பாரு. ஏதாவது பேசேன்."

மாமா பேசச் சொன்ன அன்று போலவே இப்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்தான் நிறைந்தது. அத்தையே மேசையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "ஒங்க சித்தப்பாவக் கூப்பிடு."

கூப்பிட்டேன். "சித்தப்பா, அன்னைக்கு அந்தக் கரும்ப வெளிய நீட்டிப் பிடிச்சிருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தேன். குரல் முதலில் கம்மித்தான் வந்தது. அப்புறம் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "இன்னுமா பிள்ள நீ அந்தப் பானைய விடல?" என்று அந்தப் பக்கம் அவர் கூவினார். அத்தை சுவரோரம் கிடந்த மாமாவின் நாற்காலியை இழுத்து, அரைப் பானைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார்.