அம்மை கண்ட குட்டையும் நியாஸ் அகமதுவும்

செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் நியாஸ் அகமது குளத்துக்காரருக்குச் சலாமே சொல்வார். பைக்கை நிறுத்துவார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டுவார். நேராகக் கரைக்குப் போய்க் கைநிறையத் தண்ணீர் அள்ளி முகர்வார். ஒரு மீனைப் பிடித்து, ஈரத்துணியால் அதன் கண்ணை மூடி, பெருவிரலால் செவுளைத் தூக்குவார். அப்புறம் ஒரு பெருமூச்சு. நல்ல செவுளுக்கும் அதே பெருமூச்சுதான், அழுகல் செவுளுக்கும் அதே பெருமூச்சுதான். புதிதாக மீன் வளர்க்கிறவன் பயந்துபோவான்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருந்தாலும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விரால் வளர்ப்பு என்று கேட்டுப் பாருங்கள், ஆறுமுகச்சாமி என்று என் பேரைத்தான் சொல்வார்கள். "மானாவாரிக் காட்டுல மீன் வளக்கப் போறாராம்" என்று சிரித்தவர்கள் இன்று என்னிடம்தான் குஞ்சு வாங்குகிறார்கள். எத்தனையோ ஆபீசர்கள் என் கரையில் நின்று போயிருக்கிறார்கள், ஒருவருக்கும் நான் எழுந்து நாற்காலி கொடுத்ததில்லை. நியாஸுக்குக் கொடுப்பேன். அவர் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மூட்டு விடாது என்பார்.

"மீனுக்கெல்லாம் வைத்தியம் பாக்கீரு, உம்ம மூட்டுக்கு என்னவே பண்ணுதீரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கனயும் உடம்புக்கும் நோவுக்கும் சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. எனக்குத்தான் என்னான்னு பாக்கப் பொழுதில்ல."

அவருக்கு ஊர் கடையநல்லூர். சவுதியில் கடலோர மீன்பண்ணை ஒன்றில் பத்துப் பதினோரு வருஷம். மீனுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை. "மயக்கத்தண்ணில போட்டு எடுத்து, வயித்துல ஒரு குத்து. அடுத்தது. அடுத்தது. கனவுலயும் குத்திக்கிட்டே இருப்பேன்." ஒருநாள் மீன் துள்ளியதில் ஊசி இவர் சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. எண்ணெய் கலந்த மருந்து. விரல் கத்தரிக்காய்போல் வீங்கி, டாக்டர் கீறித்தான் எடுத்திருக்கிறார். இன்றுவரை மடங்காது. டீ கிளாசைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "அத்தர் கொண்டு வருவாகன்னு பாத்தேன். மீன் கவிச்சியும் கோணவெரலும்தான் வந்துச்சு" என்று அவர் மனைவி ருக்ஸானா இன்றைக்கும் சொல்கிறார்.

வீக்கம் என்றால் நமக்கு வியாதி. நியாஸுக்கு அப்படி இல்லை. "வீக்கம்னா உடம்பு முழிச்சிருக்குன்னு அர்த்தம். மீனுக்கும் அப்படித்தான். அடிபட்ட எடத்துல செவந்து தடிச்சா, உள்ள இருந்து ஆள் வந்துட்டான்னு சந்தோசப்படணும். வெளிறிப்போய்க் கெடந்தாத்தான் பயம்."

இந்த மார்கழியில், மேலநீலிதநல்லூரில் இருக்கும் என் சித்தப்பா மகள் இசக்கித்தாயின் குட்டையில் விரால்களுக்குச் சிவப்புப் புண் கண்டது. புருஷன் போனபிறகு ஆட்டையெல்லாம் விற்றுக் குட்டை வெட்டியவள். என் பேச்சைக் கேட்டு விரால் விட்டவள். அது போனால் அவளுக்குப் பிழைப்பு வேறில்லை. நியாஸைக் கையோடு கூட்டிப் போனேன்.

போய்ப் பார்த்தால், குட்டையைச் சுற்றி வேப்பிலைத் தோரணம். தண்ணீரில் மஞ்சளும் கோவில் புற்றுமண்ணும் கரைத்திருக்கிறாள். செத்து மிதந்ததுகூட அப்படியே கிடக்கிறது.

"அம்மை போட்டிருக்கு எண்ணே. முத்துமுத்தாச் செவந்திருக்கு பாருங்க. ஆத்தா எறங்குத வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. வலையும் போடக்கூடாது."

"ஏட்டி கோட்டிக்காரி, மீனுக்கு ஏதுட்டி அம்மை?"

"கோழிக்கு வரலையா? மாட்டுக்கு வரலையா? மீனுக்கு மட்டும் ஆத்தா வரமாட்டாளோ?"

என்னிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர்கள் இந்தத் தாலுகாவில் குறைவு. அன்றைக்கு நான் நியாஸைத் திரும்பிப் பார்த்தேன்.

நியாஸ் பேன்ட்டைச் சுருட்டினார். கரையோரம் ஒதுங்கிக் கிடந்த ஒரு விராலைத் தொடாமலே குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"இது ஒரு பூஞ்சை அண்ணாச்சி. மழைக்குப் பொறவு தண்ணி குளுந்தா வரும். தோல் வழியா உள்ள எறங்கும். சாதாக்கெண்டைன்னா உடம்பே அதச் சுத்தி வேலி கட்டி அடைச்சிரும். விராலுக்கு அந்த வேலி சரியாக் கட்ட வராது. இதுல மீனு ரத்தத்துக்குத் தண்ணிக்கு உள்ள சூடுதான் பாத்துக்கிடுங்க. தண்ணி குளுந்தா, உள்ள காவலுக்கு நிக்கவனும் முடங்கிப் படுத்துருவான். புண்ணு ஆழமாப் போனது தேறாது. அதையும் செத்ததையும் எடுத்துட்டா, நாலு நல்ல வெயில் அடிச்சா மிச்சம் தப்பிச்சுக்கிடும். இப்படியே கெடந்தா குட்டையே போயிரும்."

"அத அவகிட்டச் சொல்லும்வே."

"இதே பேச்ச எத்தன கரையில பேசியாச்சு. எனக்கே சலிச்சுப்போச்சு." முகத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். இசக்கித்தாயிடம் போனார்.

"அக்கா, வீட்ல ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டா எங்க படுக்க வைப்பிய?"

"தனியாத்தான்."

"மத்த பிள்ளைகள அதுகூடப் போட மாட்டியளா?"

"எப்படித் தம்பி போட? அதுகளுக்கும் ஒட்டிக்கிடுமே."

நியாஸ் திரும்பிக் குட்டையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"தொடாம எப்படிப் பிரிக்க?"

"அம்மை கண்ட பிள்ளையத் தூக்க மாட்டியளா? சுத்தபத்தமாக் குளிச்சிட்டுத் தூக்குவியள்லா?"

"அப்பம் நீ போய்க் குளிச்சிட்டு வா" என்றாள்.

மார்கழிக் காலையில் பம்புசெட்டுக் குழாயடியில் நின்று நியாஸ் குளித்தார். பல் கிட்டித்தது. அவள் வலையை மஞ்சள் தண்ணீரில் முக்கித் தந்தாள். ஈரத்தோடு இறங்கி, செத்ததையெல்லாம் அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினார். புண் வைத்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து வேம்படிச் சிமெண்டுத் தொட்டியில் விட்டார். அதையும் கொன்று புதைப்பதுதான் முறை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா? அவளிடம் அதை அவர் சொல்லவில்லை.

அம்மை கண்ட உடம்புக்கு நிழல் வேண்டுமே. இசக்கித்தாய் தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் விரித்துக் கட்டினாள். உள்ளே விரால்கள் மூச்சு வாங்க மேலே வந்து, வாயைத் திறந்து, திரும்ப அடியில் போய்ப் படுத்தன.

"எறங்கிருமா தம்பி?"

"குட்டையில உள்ளது பொழச்சுக்கிடும். இன்ஷா அல்லா."

"நான் தொட்டியில உள்ளதக் கேக்கேன்."

நியாஸ் வலையிலிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் எங்களுக்குக் கூழ் கரைத்து வருவதாகச் சொல்லி வீட்டுக்குள் போனாள்.

"என்னவே, ஒண்ணுகூடவா தேறாது?" என்றேன்.

"அதுகளுக்கு ஹயாத்து அம்புட்டுத்தான் அண்ணாச்சி. படைச்சவன் போட்ட ஆயுசு." போன் அடித்தது. எடுத்தார். வாசுதேவநல்லூரிலிருந்து யாரோ. "போட்டோ அனுப்புங்க, பாக்கேன். தண்ணிய மாத்தாதிய. வாரேன், வாரேன்." சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி பைக் பக்கம் நடந்தார். சாவியைப் போட்டார். வண்டியைக் கிளப்பவில்லை.

திரும்பி வந்தார். அவள் வருகிறாளா என்று வீட்டு வாசலை ஒரு தரம் பார்த்தார். சேலையின் தெற்கு ஓரத்தை இரண்டு சாண் மடித்து, உள்ளே தண்ணீரில் வெயில் விழும்படி ஒதுக்கி, காற்று கலைத்துவிடாதபடிக்கு அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.