உள்ளுக்கை விளையாடியவர்

பாரிஸில், லாச்சப்பலில் நான் தனியாக இருக்கிறேன். யாரையும் எதிர்பார்த்து வாழ்ந்தவளல்ல. ஆனாலும் லிஃப்ட் பழுதாகும் நாட்களில் என் சாமான் பையை மேலே தூக்கிவந்து தரும் பக்கத்து வீட்டு அமெரிக்கரை எனக்குப் பிடித்திருந்தது. தலை நரைக்கத் தொடங்கியும் கழகம் கழகமாக மாறி உதைபந்தடிக்கிற மனிதர். என் பாஷை அவருக்கும் அவர் பாஷை எனக்கும் தெரியாது. என் தேத்தண்ணீரை வாசலில் நின்று குடித்துவிட்டுச் சிரிப்பார். பல நாட்களில் எனக்குக் கிடைத்த பேச்சு அந்தச் சிரிப்புத்தான்.

ஒருநாள் கடைக்காரத் தம்பியிடம் அவரைப் பற்றி விசாரித்தேன்.

"முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிறவர், அம்மா. கன ஊர் மாறினவராம். கொஞ்சக் காலம் வெளியிலை, கொஞ்சக் காலம் உள்ளுக்கை."

எங்கள் பேச்சில் 'உள்ளுக்கை இருந்தவன்' என்றால் மறியலில், அதாவது சிறையில் இருந்தவன். அதற்குமேல் தோண்டிக் கேட்க என் மானம் விடவில்லை.

அதன்பிறகு அவர் தட்டினால் திறப்பதில்லை. கடைசியாக ஒருநாள் நெடுநேரம் தட்டினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை தம்பி சொன்னார்: "உங்கட அமெரிக்கர் வேறை கழகத்துக்குப் போயிட்டார். சொல்லிப்போட்டுப் போக வந்தவராம். நீங்கள் வீட்டிலை இல்லையாம்."

"மறியலிலை கிடந்த ஆளுக்கு நான் ஏன் கதவு திறக்க?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அம்மா! உள்ளுக்கை எண்டால் மண்டபத்துக்கு உள்ளுக்கை. குளிருக்குக் கூரைக்குக் கீழை விளையாடுறது!"

நானும் சிரித்துவைத்தேன். லிஃப்ட் வேலைசெய்யவில்லை. பையை ஒவ்வொரு படியாக வைத்து ஏறினேன். வீட்டுக்குள் வந்து வழக்கம்போல எல்லாப் பூட்டையும் போட்டேன். அப்போதுதான் விளங்கியது, உள்ளுக்கை இருந்தது நான்தான் என்று.