புதன்கிழமையின் இரண்டாவது மணி

அலுவலகத்தில் அவளுக்கு நகல் ராணி என்று பெயர். ஓடுகிற நிரலை எடுத்து அடுத்த இடத்தில் ஒட்டிவிட்டு, "ஓடுதுல்ல, விடுங்க" என்பாள். அழகு பார்ப்பதெல்லாம் வெட்டி வேலை என்ற கட்சி.

போன வருடம் ஸ்விஃப்ட் என்ற கணினி மொழியில் அவள் எழுதிய மாத்திரைச் செயலியிலும் அதே கைவரிசைதான். கிழமைக்கு ஒன்றாக ஏழு கேஸ், அதாவது ஏழு தனித்தனிக் கிளை. ஏழிலும் மாத்திரைப் பட்டியலைச் சுற்றிவரும் அதே லூப். காலை எட்டுக்கு மணி அடிக்கும். 'போட்டாச்சு' பொத்தானைத் தொடாதவர்களுக்கு மட்டும் எட்டரைக்கு மறுபடி அடிக்கும். முதல் பயனர் அவள் அப்பா, ரத்த அழுத்தக்காரர்.

அன்று புதன். மேலாளரின் நச்சரிப்பு தாங்காமல், ஏழு கேஸையும் ஒன்றாக்கச் சீக்கிரமே வந்து உட்கார்ந்தாள். வரி வரியாக ஒப்பிட்டு வந்தவளுக்குப் புதன் கேஸில் கை நின்றுவிட்டது. பொத்தானைத் தொட்டாரா என்று பார்க்கும் இஃப் வரியே அங்கே இல்லை; தொட்டவருக்கும் எட்டரைக்கு மறுபடி மணி அடிக்கும். ஆறு இடத்தில் ஒட்டிய மகராசி ஏழாவதை மறந்திருக்கிறாள்.

புதன்கிழமை மட்டும் அப்பாவுக்குத் தலை சுற்றும். வெயிலில் சந்தைக்குப் போவதால்தான் என்று அம்மா திட்டுவாள். நிரலை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டு இருபத்தாறு.

அப்பாவை அழைத்தாள், எடுக்கவில்லை. அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. எட்டரை தாண்டியது. ஐந்தாவது தடவை அப்பா எடுத்தார்.

"குளிச்சிட்டிருந்தேம்மா. இப்பத்தான் ரெண்டாவது மாத்திரையும் போட்டேன்."

"எட்டு மணிக்கே ஒன்னு போட்டீங்களேப்பா!"

"புதன்கிழமைன்னா ரெண்டுதானே?"

"தலை சுத்துறப்பகூடச் சந்தேகம் வரலையா?"

"நீ எழுதினதாச்சே. காரணமில்லாமயா ரெண்டு தடவை அடிக்கும்?"

அவரைப் படுக்கச் சொன்னாள். டாக்டரைப் பிடித்துக் கேட்டாள். எழுந்து நடமாடக் கூடாது, அரைமணிக்கொரு தரம் அழுத்தம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அப்பாவின் போனில் அம்மா சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில், ஆறு கேஸை அழித்தாள். ஒரே லூப், ஒரே இஃப் மிச்சம்.

மதியம் அழுத்தம் சீரானது. "இனிமே புதன்கிழமையும் ஒன்னுதாம்பா. தப்பு என்னோடதுதான்" என்றாள்.

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

போனை வைத்ததும் அழுதுவிட்டாள். பிறகு மொத்த நிரலையும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.