கண்மருந்தின் வீதியுலா

அன்னூரில் மாவு மில் நடத்தும் நாச்சியம்மாளின் வலக்கண்ணைச் சர்க்கரை நோய் எப்போதோ விழுங்கிவிட்டது. எஞ்சிய இடக்கண்ணைக் காக்க, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கோவை மருத்துவமனையில் விழிக்குள் ஊசி போட்டாக வேண்டும். மருந்து அங்கேயே குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் பிரமதேவனுக்கு அண்ணன். அவன் தலையில் எழுதினான். இவர்கள் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் எழுதினார்கள். மருந்தை நிறுவனத்தின் மருந்தகமே நோயாளியின் வீட்டுக்கு அனுப்புமாம். நோயாளி அதைச் சுமந்துகொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டுமாம்.

அவ்வாறே சித்திரை உச்சிவெயிலில், கூரியர்காரர் சஹீரின் இருசக்கர வாகனத்தில் மருந்து எழுந்தருளியது.

“ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

“ஏனுங்க, இந்த வெயில்ல வந்திருக்கறீங்க. கை கழுவுங்க மொதல்ல. சோறு உங்காம என்ன கையெழுத்து?”

வாசலுக்கு வந்தவரின் பசியாற்றும் முன் காரியம் பேசுவது, நாச்சியம்மாளின் சாத்திரத்தில் கொலைக்கு அடுத்த பாதகம். சஹீர் மறுத்துப் பார்த்தார், ரசத்தில் தோற்றார். பெட்டி வண்டியிலேயே வெயில் காய்ந்தது. மோரும் முடிந்தபின்தான் அவருடைய கைபேசித் திரையில் நாச்சியம்மாள் விரலால் ஒப்பமிட்டார்.

மறுநாள் மருத்துவமனையில் பெட்டிக்குள் சூட்டை நேரத்தோடு பதிந்துவைக்கும் வெப்பமானியைப் பார்த்த செவிலி உதட்டைப் பிதுக்கினார். “நேத்து ஒன்னு பத்துக்கே சூடாயிருச்சுங்கம்மா. இதைக் கண்ணுல போட முடியாதுங்க.”

ஊசி தள்ளிப்போனால் பார்வை மீளாது என்றார் மருத்துவர். நாச்சியம்மாள் நிறுவனத்தை அழைத்தார். பிரீத்திகா என்றொரு பெண் பேசினாள்.

“வாங்கின பிறகு கெட்டுப்போனா உங்க பொறுப்புங்க மேடம். புது மருந்து வரப் பத்து நாள் ஆகும்.”

கையெழுத்தானதும் நிறுவனம் அனுப்பியிருந்த குறுஞ்செய்தியைச் செவிலி படித்துக் காட்டினார்.

“அம்மணி, நான் வாங்குனது ஒன்னு நாப்பதுக்குன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. கெட்டது ஒன்னு பத்துக்குங்க. அப்ப அது யாரு மருந்து, கண்ணு?”

மறுமுனையில் சிறிது நேரம் வீணை இசை ஒலித்தது.

“அரைமணி நேரம் கையெழுத்துப் போடாம என்னங்க பண்ணுனீங்க?”

“சோத்துல கை வெச்ச மனுசன்கிட்ட செல்போன நீட்டுன்னு கேக்கறதுங்களா? அவரு மேல பழி போட்டீங்கன்னா நேர்லயே வாரேன்.”

ஒப்படைக்குமுன் கெட்டுப்போனால் மருத்துவமனை மருந்தையே போடலாம் என்றும் அதே பொடியெழுத்தில் ஒரு வரி இருந்தது. மாலைக்குள் ஊசி விழிக்குள் இறங்கியது.

அடுத்த பெட்டியும் வீட்டுக்குத்தான் வருமென்று அறிவித்தாள் பிரீத்திகா. கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்த நாச்சியம்மாள், அன்றைக்குப் பாயசமும் வைத்துவிடலாமா என்று யோசிக்கலானார்.