கதவுப் பக்கச் சில்லு

நாங்கள் வாங்கப் போனது ஒரு வீடு. கைக்கு வந்தது ஒன்றரை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் நானும் என் கணவரும் கலியாணம் கட்டி ஆறு வருடமாகியும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்காத புருஷன் பெண்சாதி. நான் நகரத்துக்குள் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் தங்கி வேலை செய்தேன். அவர் நகரத்துக்கு வெளியே மொண்டெல்லோவில் ஒரு பெரிய வீட்டுக்குத் தோட்டக்காரர், காவல்காரர் இரண்டும். என் அறைக்கு அவர் வரக்கூடாது. அவருடைய படலையடிக் காவல் அறைக்கு நான் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருக்கும் லீவு என்பதால் கால்சாப் பக்கம் கடற்கரை வாங்குப் பலகையில் போய் இருப்போம். வாங்கு நனைந்திருந்தால் எழும்பி நடப்போம். ஆறு வருடம் அப்படி நடந்ததில் எனக்குக் கால் நோவும் மனநோவும் மிச்சம்.

அப்போதுதான் என் சிஞ்ஞோராவின் உறவுக்காரக் கிழவர் ஒருவர், மனைவி இறந்தபின் வடக்கே மகளோடு போய் இருக்கப் போவதாகவும், பகேரியாவுக்கு அங்கால் மலைச்சரிவில் தனக்கு இருக்கும் சின்ன வீட்டை விற்கப் போவதாகவும் தெரியவந்தது. போய்ப் பார்த்தோம். எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றை அறைக் கல்வீடு. ஒரு கதவு, ஒரு யன்னல், தடித்த சுவர். எனக்குக் கண்டவுடனே பிடித்துவிட்டது. அதற்குப் பக்கத்தில், சப்பாத்திக் கள்ளி வேலியோடு ஒட்டியபடி, ஒரு ரூலோட் நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போவார்களே, உள்ளே கட்டிலும் அடுப்புமாக ஒரு வண்டி, அதுதான். கிழவரும் மனைவியும் ஒரு காலத்தில் அதில் ஊர் சுற்றியிருக்கிறார்கள். வீடு மட்டும் போதும் என்றேன். இரண்டையும் சேர்த்து எடுக்கிறவருக்குத்தான் கொடுப்பேன் என்று கிழவர் பிடிவாதமாக நின்றார். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் துடைத்துக் கொடுத்து இரண்டையும் எடுத்தோம்.

அதுவரை என் கையில் இருந்த சாவிகள் எல்லாம் மற்றவர்களுடையவை. சிஞ்ஞோராவின் தெருக்கதவுச் சாவி, மாடிச் சாவி, பேழைச் சாவி என்று ஒரு கொத்தே இருந்தது. இந்தச் சாவியை அந்தக் கொத்தோடு சேர்க்காமல் தனியாக ஒரு நூலில் கட்டி வைத்துக்கொண்டேன். வேலைக்கு நடுவில் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்த நாட்கள் உண்டு.

சந்தோஷத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. வீட்டுக் கதவு தெற்குப் பார்த்தது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒருவர் எங்கள் ஆட்களுக்குள் இருந்தார். அவரிடம் குடிபுக நாள் கேட்கப் போனபோது, "தெற்கு வாசலோ? கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கோ பிள்ளை" என்றார். எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பாலைக் காய்ச்சினால் போயிற்று என்றார் என் கணவர்.

"வீடு குடிபூரப் பாலை முத்தத்திலை காச்சிறதோ? கிழக்குப் பாத்த வாசலுக்குள்ளைதான் நான் பால் காச்சுவன். இல்லாட்டில் எனக்குப் பாலும் வேண்டாம் பழமும் வேண்டாம்!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு இல்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை. நானும் கத்தியதோடு அதை மறந்துவிட்டேன். ஆனால் பால் காய்ச்சாத வீட்டில் புழங்குவது யாரோ வீட்டில் விருந்துக்குப் போய் இருப்பது மாதிரித்தான் இருந்தது.

போகப்போக ஆளுக்கொரு வீடானது. நான் கல்வீட்டில் தட்டு அடித்தேன், பிள்ளையார் படம் மாட்டினேன், மிளகாய்த்தூள் போத்தல்களை அடுக்கினேன். அவர் ரூலோட்டுக்குத் திரை தைப்பித்தார், ரேடியோ வைத்தார், அதைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கோடைக்காலத்தில் ரூலோட் அவிந்து போகும். வேர்த்துக் கொட்டிக்கொண்டு உள்ளே இருந்து, "என்ன மாதிரிக் காத்து வருகுது பாரும்" என்பார். மாரியில் கல்வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகும். இரண்டு சட்டியை வைத்துவிட்டு, "இது ஒழுக்கே இல்லை, ஈரக்கசிவு" என்று நானும் சாதிப்பேன். ஞாயிறு மத்தியானம் எந்த வீட்டில் சாப்பிடுவது என்பதில் தொடங்கும் சண்டை, இரண்டுக்கும் நடுவில் பாயைப் போட்டுச் சாப்பிடுவதில் முடியும்.

உள்ளபடி சொன்னால், சில்லு வைத்த எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று தரம் இருந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டவள் நான். முதலில் மாட்டு வண்டில், பிறகு லொறி, கடைசியில் விமானம். அதற்கும் அடியில் சில்லுத்தான். இனி ஒருக்கால் வெளிக்கிட என்னால் ஏலாது என்று மனம் முடிவு கட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜேர்மனியில் இருந்து அவருடைய தம்பி ரெலிபோன் எடுத்திருக்கிறார். "தம்பி தங்களோடை வந்து இருக்கச் சொல்லுறான். அங்கை நல்ல வேலை இருக்காம்" என்று கறிக்கு உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலச் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஓம் எண்டு சொல்லிப்போட்டன் என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிற எனக்கு அன்று மட்டும் நாக்கு எழவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் காலால் மிதிக்கிற ஒரு பம்மோடு வந்தார். ரூலோட்டின் இரண்டு சில்லுக்கும் மிதிமிதியென்று மிதித்துக் காற்றடித்தார். அதற்கடுத்த ஞாயிறு, இழுவைக் கொக்கி வைத்த கார் யாரிடம் இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் விசாரித்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷன் வீட்டை இழுத்துக்கொண்டே ஜேர்மனிக்குப் போகப் போகிறார்!

வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு மட்டும் லீவு. ரெயிலில் பகேரியாவுக்கு வந்து, பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்து தனியே அங்கே போனேன். கள்ளி வேலிப் பக்கத்துச் சில்லுக்குக் கிட்டப் போக முடியாது. கதவுப் பக்கச் சில்லு கைக்கு எட்டும். அதற்கு முன்னால் குந்தி இருந்து, மூடியைக் கழற்றி, கொண்டை ஊசியை உள்ளே விட்டு அமத்தினேன். காற்று சீறிக்கொண்டு போனது. சில்லு சப்பளிந்ததும் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். அன்று குடித்தது போல ருசியான தேத்தண்ணீர் நான் குடித்ததில்லை.

ஞாயிறு அவர் காற்றடிப்பார். வியாழன் நான் திறந்து விடுவேன். இப்படியே கார்த்திகை போய், மார்கழியும் போனது. ஒருநாள் சில்லைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, ஓட்டை எங்கே என்று குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலை ஒரு பிழையும் இல்லையே, என்னெண்டு போகுது?" என்று என்னையே கேட்டார். "பழசெல்லே" என்றேன். குனிந்திருந்த அவருடைய முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அடுத்த வியாழன் பாவம் பார்க்காமல் மறுபடியும் திறந்து விட்டேன்.

தை மாதத்து ஞாயிறு ஒன்று. காலை வெள்ளென நான் போய்ச் சேர்ந்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி போல ஒரு பழைய கார் மேட்டில் ஏறி வந்தது. பின்னால் கொக்கி இருந்தது. ஓட்டி வந்தவர் மொரீசியஸ்காரர். மொண்டெல்லோவில் பக்கத்து வில்லாவில் வேலை செய்கிற என் கணவரின் கூட்டாளி. தமிழ் வழி வந்தவர், ஆனால் இத்தாலியனில்தான் எங்களோடு கதைப்பார். என் கணவர் இறங்கி நேரே ரூலோட்டடிக்குப் போய், தரையோடு தரையாகக் கிடந்த சில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

விளக்குமாற்றைக் கீழே எறிந்தேன்.

"நான் வரமாட்டன்! நீங்களும் உங்கடை ரூலோட்டுமாய் ஜேர்மனிக்குப் போங்கோ. இந்த வீட்டை விட்டு நான் ஒரு அடி வைக்கமாட்டன். அந்தச் சில்லுக்குக் காத்துத் திறந்து விட்டதும் நான்தான். ஒவ்வொரு வியாழனும் நான்தான்!"

சொல்லி முடிக்க அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார்.

"ஆரப்பா ஜேர்மனிக்குப் போறது?"

"தம்பி கூப்பிட்டவர் எல்லே."

"அவனுக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டன், வரேலாது எண்டு. மனுசிக்கு இஞ்சை வீடு இருக்கு, இன்னும் பால்கூடக் காச்சேல்லை எண்டு."

"பேந்து ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

"அப்ப இந்தக் கார் ஏன்?"

"ரூலோட்டைத் திருப்பி விடத்தான். அதின்ரை கதவு மேற்கை பாக்குது. திருப்பினால் கிழக்கு. கிழக்கு வாசலுக்குள்ளைதான் பால் காச்சுவன் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

காரின் பின் இருக்கையில் புதுப் பானை இருந்தது. பால், வாழைப்பழம், கற்பூரம், வெற்றிலை எல்லாம் இருந்தன. பஞ்சாங்கக்காரரிடம் நேரமும் கேட்டு வந்திருந்தார். பத்தரைக்குள் காய்ச்ச வேண்டும். அதை விட்டால் இந்த மாதத்தில் எங்கள் ஞாயிறு ஒன்றுக்கும் பொருந்திய நாள் இல்லை. நான் எப்போதோ கத்திவிட்டு மறந்ததை இந்த மனுஷன் இவ்வளவு நாளும் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவே இல்லை.

அழுது கொண்டிருக்க நேரம் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் நானே பம்மை மிதித்தேன். பிறகு அவர், பிறகு மொரீசியஸ்காரர். சத்தம் கேட்டு அடுத்த தோட்டத்துச் சிசிலியக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று என் கணவர் விளங்கப்படுத்த, கிழவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "வியாழக்கிழமை தவறாமல் அந்தச் சில்லுக்கு முன்னால் குந்தி இருப்பாள். உங்கள் சாமிக்குச் செய்கிற வழிபாடாக்கும் என்று நான் தொந்தரவு செய்யவில்லை."

மொரீசியஸ்காரர் சிரித்த சிரிப்பில் மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்துவிட்டார். மறுபடி ஓங்கி மிதித்தபோது பம்மின் குழாய் வெடித்தது. இத்தனை ஞாயிறுகளாக அது பட்ட பாட்டுக்கு வெடிக்காமல் என்ன செய்யும்? சில்லில் பாதிக் காற்றுத்தான் ஏறியிருந்தது. மணி பத்து.

"போதும், கொழுவுவம்" என்றார் என் கணவர்.

"பியானோ, பியானோ" என்று, இத்தாலியனில் மெதுவாக என்பதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மொரீசியஸ்காரர் மெல்ல மெல்ல இழுத்தார். ரூலோட் நொண்டி நொண்டி ரோட்டுக்குப் போய், திரும்பி, கொக்கியைக் கழற்றியபின் நாங்கள் மூன்று பேரும் தள்ளத் தள்ளப் பின்பக்கமாக உள்ளே வந்து, வேலியில் இருந்து கொஞ்சம் விலகி நின்றது. வேலியைச் சுற்றி உள்ளே வந்திருந்த சிசிலியக் கிழவருக்குத்தான் மனம் ஆறவில்லை. "முந்தி கதவைத் திறந்தால் தூரத்தில் கடல் தெரிந்தது. இனி என்னுடைய கோழிக்கூடல்லவா தெரியும்!" என்றார்.

"கோழிக்கூடு கிழக்கிலைதானே இருக்கு" என்றேன் நான் தமிழில்.

பத்தேகால். ரூலோட்டின் அடுப்பில் புதுப் பானையை வைத்தேன். பாதிக் காற்றோடு நின்ற சில்லால் ரூலோட் கதவுப் பக்கம் சரிந்திருந்தது. நிற்கவே ஒரு கையால் தட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. பால் எந்தப் பக்கம் பொங்குமோ என்று பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வினையே இன்றைக்குச் சகுனத்தைக் கெடுக்கப் போகிறது என்று பயந்தேன். வாசலில் மூன்று ஆண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பால் எழும்பியது. சரிந்த பக்கமாக, கதவுப் பக்கமாக வழிந்தது.

"கிழக்கை!" என்று என் கணவர் கத்தினார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவர் கத்தி நான் கேட்டது அது ஒன்றுதான். மொரீசியஸ்காரர் "அரோகரா" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட முதல் தமிழ்ச் சொல் அது. சிசிலியக் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

சூட்டோடு பானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டிக் கல்வீட்டுக்குள் போனேன். பிள்ளையாருக்கு முன் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, இது என்னுடைய வீடு என்று முதல்முறையாக முழுமனதோடு நினைத்தேன். அழுதேன். பிறகு எல்லோருக்கும் கோப்பையில் பால் ஊற்றிக் கொடுத்தேன். கிழவர் தன் பாலில் கொஞ்சம் கோப்பியும் விடச் சொன்னார், விட்டுக் கொடுத்தேன்.

பின்னேரம் பகேரியா ஸ்ரேசனில் இருந்து ஒரே ரெயிலில் திரும்பினோம். அவர் மொண்டெல்லோ பஸ்ஸுக்குப் போகவேண்டும், நான் சிஞ்ஞோரா வீட்டுக்கு. பிரிகிற இடத்தில் வழக்கம் போலத் தலையாட்டிவிட்டு நடந்தவர் நின்று திரும்பினார்.

"வியாழக்கிழமை போனால் அந்தச் சில்லை ஒருக்காப் பாரும்" என்றார். "ஆரும் காத்து அடிச்சுப்போட்டினமோ எண்டு."